தொண்ணூற்று மூன்று

தொண்ணூற்றாறு டிகிரி என்று
அட்டையில் அச்சடித்திருந்தது.
பதினைந்து கிராம் தூள்,
இருநூற்று நாற்பது கிராம் தண்ணீர்,
மூன்று நிமிடம்.
பீங்கான் கூம்போடு வந்த வேதம் அவ்வளவுதான்.

மூஞ்சிக்கல்லில், என் சமையலறையில்
தொண்ணூற்று மூன்றிலேயே தண்ணீர் கொதித்தது.
குமிழ் விட்டது, குதித்தது,
கெண்டியின் வாத்துக் கழுத்து வழியே
அடுப்பில் துப்பவும் செய்தது.
அதற்கு மேல் ஒரு புள்ளி
ஏற மாட்டேன் என்றது.

வெப்பமானி பழுது என்று திருப்பி அனுப்பினேன்.
வீடு வீடாய்ப் போய்
மின் மீட்டர் குறிக்கிற வேலை எனக்கு.
"உங்க மீட்டர் பழுது சார்" என்று
என்னிடம் கத்தாத வீடு
ஆனந்தகிரியில் ஏழு தெருவிலும் கிடையாது.
அதே குரலில்தான் கடிதம் எழுதியிருக்கிறேன்,
பிறகு படித்துப் பார்த்தால்.

இரண்டாவது வந்தது.
தொண்ணூற்று மூன்று.

ஞாயிற்றுக்கிழமை அக்சீலியா வந்தாள்,
பள்ளி ஆய்வகத்தின் நீளக் கண்ணாடி வெப்பமானியை
ஸ்வெட்டர் கைக்குள் செருகிக்கொண்டு.
அதுவும் அதையே சொன்னது.
"ஏழாயிரம் அடி," என்றாள்.
"தண்ணிமேல ஏறி உக்கார இங்க காத்து கம்மி.
சீக்கிரம் எந்திரிச்சிடுது."

மருந்துக்கடைத் தராசோடு வந்திருந்த ஹபீபா
அதைக் காதில் வாங்கவில்லை.
பதினைந்து கிராமுக்கு ஒரு கொட்டை அதிகம் என்று
எடுப்பதும் போடுவதுமாக இருந்தாள்.
எடுத்த கொட்டையைக் கடைசியில்
வாயில் போட்டு மென்றாள்.

மூன்று பேரும் குடித்தோம்.
புளிப்பு.
பழப் புளிப்பு இல்லை,
பாதியில் எழுப்பிவிட்ட ஆளின் முகம்
இருக்குமே, அந்தப் புளிப்பு.

குக்கர் யோசனை ஹபீபாவுடையது.
வெறும் தண்ணீரை ஊற்றி மூடி
நான்கு விசில் விட்டோம்.
பருப்பா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.
உள்ளே நூறைத் தாண்டி
அது எங்கோ ஏறியிருக்க வேண்டும்,
பார்த்தவர் யார்.
வெயிட்டைத் தூக்கி, ஆவி சீறி அடங்கி,
மூடியைத் திறந்து வெப்பமானியை விட்டோம்.
தொண்ணூற்று மூன்று,
எதுவுமே நடக்காத மாதிரி.
அக்சீலியா சிரித்த சிரிப்பில்
காகித வடி பறந்துபோய்
பாத்திரத் தொட்டியில் விழுந்தது.

அப்புறம் அரைவையை நுணுக்கினோம்.
கையால் சுற்றும் மில்லில்
இருபத்திரண்டாம் பல்லிலிருந்து
பதினெட்டுக்கு.
வாரா வாரம் ஒரு பல்.
கரண்டு போன ஞாயிறுகளில்
டார்ச்சைக் கூம்புக்குள் பிடித்து,
தூள் உப்பி மூச்சு விட்டு
அமுங்குகிற நாற்பது விநாடியும்
வாய் திறக்காமல் நின்றோம்.
ஒன்றுமே இல்லாததற்கு
மூன்று பேர் இப்படிக் குனிந்து நிற்பதை
ஜன்னல் வழியாகப் பார்த்தால்
ஏதோ பிரசவம் என்று நினைப்பார்கள்.

போன மாதம் வத்தலக்குண்டு போனேன்.
தாண்டிக்குடிக் கொட்டையை
அங்கேதான் வறுத்துத் தருகிறார் சேவியர்ராஜ்.
சட்டைப் பையில் வெப்பமானி.
அவர் அடுப்பில், அவர் சட்டியில்,
தண்ணீர் தொண்ணூற்று மூன்றைக் கடந்தது.
தொண்ணூற்றாறைக் கடந்தது.
தொண்ணூற்றெட்டிலும் ஏறிக்கொண்டே இருந்தது.
நான் கைதட்டியதற்கு
அவர் என்னைப் பார்த்த பார்வை
இன்னும் முதுகில் இருக்கிறது.

தொண்ணூற்றாறுக்கு ஆறவிட்டு ஊற்றிக் குடித்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.
என்னுடையது மாதிரி இல்லை.

கடைசிப் பேருந்து.
மடியில் அரைக் கிலோ, இன்று வறுத்தது,
மூச்சுத்துளை வைத்த பை.
ஒவ்வொரு வளைவுக்கும் காது அடைத்தது.
முன்னிருக்கைப் பையன் பிரிக்காமல் வைத்திருந்த
சிப்ஸ் பொட்டலம்
தலையணையாய் உப்பியது.
என் பையும் உப்பியது.
பெருமாள்மலைக்கு முன்னால்
அதற்குத் தாங்கவில்லை.
மெல்ல, ஒரு தரம், விட்டது.

தூங்கிக்கொண்டிருந்தவர்கள்
ஒருவர் பின் ஒருவராகக் கண் விழித்தார்கள்.
"யாருங்க அது," என்றார் நடத்துநர்,
டிக்கெட் கட்டைக் கையில் பிடித்தபடி,
"இந்நேரத்துல காபி போடறது?"